பொன்முகலிக் கரையில் ஒரு துணி

முதல் நாள்

சென்னையிலிருந்து காளத்திக்கு, அதாவது ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்திக்கு, ரயிலில் வரலாம். தடா வழியாக அகலமான சாலையும் இருக்கிறது. நாங்கள் ஊத்துக்கோட்டை வழியாக வந்ததற்குக் காரணம் உடன் வந்த தோழி. அவர் ஒளிப்படக் கலைஞர். கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்து எந்த இடத்தில் நின்று தெலுங்கு எழுத்து எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைப் படமெடுக்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆரணியாற்றைக் கடந்து சுருட்டப்பள்ளிக்குள் நுழைந்ததும் பலகைகள் மாறிவிட்டன, பேச்சு மாறவில்லை. பள்ளிகொண்ட சிவனைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எங்களிடம் தமிழிலும், பால்காரரிடம் தெலுங்கிலும், தம் மகனிடம் இரண்டையும் கலந்தும் பேசினார். நாகலாபுரம், பிச்சாட்டூர் வரை இதே நிலைதான். என் பாட்டி திருத்தணிக்காரர். 1960-இல் அந்த ஊர் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த பிறகும், கடைசிவரை காசைத் தெலுங்கில் எண்ணி எங்களைத் தமிழில் திட்டியவர். அதனால் இந்த வழி எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

வந்த வேலை இதுதான். இரண்டு மீட்டர் நீளக் காடாத் துணியில் கண்ணப்பர் கதையைக் கலங்காரியாக வரைய வேண்டும். வரையப்போவது மூன்று பேர்: நாற்பது ஆண்டுகளாகக் கலம் என்னும் மூங்கில் எழுதுகோலைப் பிடிக்கும் இவ்வூர்ப் பெரியவர் ஒருவர், சாய வேலையில் அவருக்கு இணையான அவருடைய மருமகள், காகிதத்தில் மசியால் மட்டுமே வரைந்து பழகிய நான். துணி உருவாகும் ஒவ்வொரு படியையும் தோழி பதிவு செய்வார். படங்களைத் தவிர, நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் மூன்று பத்திகள் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்: நேரம், செய்த வேலை, யாருடைய முடிவு.

கலங்காரி என்றதும் பலருக்கு மசூலிப்பட்டினம் பக்கத்து அச்சுத் துணிதான் நினைவுக்கு வரும். அது மரக்கட்டை அச்சால் ஒற்றுவது. காளத்தியில் கட்டை கிடையாது; கோடு முழுவதும் கலத்தால், கையால். ஒருகாலத்தில் நலிந்து போயிருந்த இந்த வேலைக்கு 1950-களில் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் இங்கே ஒரு பயிற்சி மையம் கிடைத்தது. இவ்வூரின் ஜொன்னலகட்டா குரப்பச் செட்டி 2008-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

மாலையில் பெரியவர் எங்களைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்து விழுந்தது; இப்போது நிற்பது பிறகு கட்டியது. பழைய கோபுரத்தின் படம் வீட்டில் இருக்கிறதா என்று தோழி கேட்டார்.

“நிறைய இருக்குமா. எல்லாத்துலயும் எங்க வீட்டாள் யாராவது முன்னாடி நிக்கிறாங்க. கோபுரம் பாதிதான் தெரியும்.”

இரண்டாம் நாள்

முழு நாளும் துணிக்கே சரியாகிவிட்டது. ஒரு கோடுகூட விழவில்லை.

காடாவின் கஞ்சி போக முதலில் ஊறவைத்து அடித்துத் துவைக்க வேண்டும். பிறகு கடுக்காய்த் தூளைப் பச்சை எருமைப்பாலில் கரைத்து, அந்தக் கரைசலில் துணியை முக்கி, எல்லா இடத்திலும் சமமாக ஏறும்படி கையால் பிசைய வேண்டும். இதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறி, நாளைக்கு வரப்போகும் இரும்புக் கரைசலைக் கருப்பாக்கத் தயாராகிறது. பாலின் கொழுப்பு, சாயம் கோட்டைவிட்டுக் கசிந்து ஓடாமல் தடுக்கிறது. பசும்பாலில் கொழுப்பு போதாது என்பது மருமகளின் கருத்து. பிழிந்து வெயிலில் போட்டபோது வெள்ளைத் துணி சந்தனத்துக்கும் மோருக்கும் நடுவிலான ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. வாசனையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பால் பாத்திரத்தைக் கழுவாமல் மூடிவைத்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர்களுக்கு அது தெரியும்.

துணியின் விளிம்பிலிருந்து ஒரு முழம் கிழித்துத் தனியாக வைத்தார் மருமகள். கலம் துடைக்க, சாயம் பார்க்க, கை பழக அந்தத் துண்டு. அதையும் அதே பாலில் முக்கினார். இல்லாவிட்டால் துண்டில் தெரியும் நிறம் துணியில் வராது.

நான் நோட்டை விரித்து, எவ்வளவு தூளுக்கு எவ்வளவு பால் என்று கேட்டேன். அவர் சொன்னார். எழுதி முடித்த பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பார்.

“அளவை எழுதிக்கோங்க சார். ஆனா வெளியில போடாதீங்க. இது எங்க அத்தை கைப்பக்குவம்.”

ஆகவே இந்தக் குறிப்புகளில் அளவுகள் வராது. மூன்றாவது பத்தி எதற்கு என்று அடுத்துக் கேட்டார். ஒவ்வொரு முடிவும் யாருடையது என்று பிறகு குழப்பம் வரக்கூடாது என்பதற்காக என்றேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய அட்டையை எடுத்துவந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்துக் காட்சிக்கூடத்தில், வேறொரு ஓவியரோடு சேர்ந்து இவர்கள் செய்த திரைச்சீலைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அட்டை அது. ஓவியரின் பெயர் பெரிய எழுத்தில். கீழே, ‘பாரம்பரியக் கைவினைஞர் உதவியுடன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நான்கு மாத வேலை அந்த வரிக்குள் அடங்கியிருந்தது. வருத்தமாகச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கணக்கு நோட்டின் பத்திகளை அளவுகோலால் நீட்டி அடுத்த பக்கத்துக்கும் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள்

புளியங்குச்சியைச் சுட்ட கரியால் முதல் வரைவு. துணியில் தொடுவதற்கு முன், பெரியவர் தம் குரு காலத்து அமைப்பைக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். வலப்புறம் லிங்கம், அதை நோக்கித் திண்ணன் (கண்ணப்பரின் இயற்பெயர்) நிற்கிறான், கையிலே அம்பு, வலக்கால் லிங்கத்தின் மேல். ஒரு கண்ணை அப்பியாகிவிட்டது. தன் அடுத்த கண்ணையும் பெயர்த்தபின் இடம் தெரிய வேண்டுமே என்று காலை அடையாளமாக வைக்கும் அந்தக் கணம்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் ‘இடக்கால் ஊன்றி’ என்கிறார் என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. காலை முழுவதும் அதிலேயே போயிற்று. இந்த ஊர்க்காரரான தூர்ஜடி தெலுங்கில் பாடிய காளத்தி மாகாத்மியத்தைப் பெரியவர் இளமையில் பாடம் கேட்டவர். ஒரு புலவர் சொன்னதற்காகக் குருவின் அமைப்பை மாற்றுவதா என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை. அவருடைய சிக்கல் வேறு. வலப்புறம் பார்த்து நிற்கும் உருவத்தில், பார்ப்பவருக்கு அருகில் வருவது வலக்கால்தான். இடக்காலைத் தூக்கினால் அது உடலுக்குப் பின்னால் போய்விடும்; படத்தில் முக்கியமான கால் மறைந்த காலாகிவிடும். குருவின் அமைப்பு ஏன் அப்படி இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பார்வைக்காகப் போட்ட வலக்கால் அது.

நான் முன்வைத்த மூன்று மாற்றுகளும் மோசமானவை. ஒன்றில் திண்ணன் ஏணியில் ஏறுகிறவனைப் போலிருந்தான். வாளியோடு அந்தப் பக்கம் போன மருமகள் நின்று, காகிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். லிங்கம் இடப்புறம் வந்தது, கால் இடக்காலாயிற்று, அமைப்பு அப்படியே இருந்தது. ஆனால் அம்பு இடக்கைக்குப் போய்விட்டதே என்றேன்.

“கை எதுன்னு உங்க புலவர் சொன்னாரா?” என்றார் பெரியவர்.

அந்தப் பாட்டில் கையைப் பற்றிப் பேச்சில்லை.

“அப்ப விடுங்க தம்பி.”

நோட்டில் எழுதினேன்: 11.40. இடக்கால், என் யோசனை. திருப்புதல், மருமகள். இடக்கை அம்பு, பெரியவர்.

இரவு விடுதியில் தோழி மூன்று நாள் படங்களையும் கணினியில் ஓட்டினார். பெரியவரின் கை, என் கை, துணி, மறுபடி பெரியவரின் கை. மருமகள் ஏறக்குறைய எல்லாப் படத்திலும் இருக்கிறார்: ஓரத்தில், மங்கலாக, வாளியோடு. காகிதத்தைத் திருப்பிய அந்த நேரத்தின் படம் ஒன்றே ஒன்று. அதிலும் குவியம் பெரியவரின் முகத்தில். “கோபுரத்து முன்னாடி நின்னு படம் எடுத்த கதைதான்” என்று சொல்லிவிட்டுத் தோழி வெகுநேரம் பேசவில்லை.

நான்காம் நாள்

இன்று கசிமி. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு, மூன்று வாரம் வரை பானையில் புளிக்கவைத்து வடித்தெடுக்கும் கருப்புச் சாயம் அது. நாங்கள் ஏழு நாள் விருந்தாளிகள். பானை எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது. மூடியைத் திறந்தால் கள்ளும் ஆணியும் சேர்ந்த மணம்.

கலம் என்பது சீவிய மூங்கில் குச்சி. முனைக்குச் சற்று மேலே கம்பளித் துணியைச் சுற்றி, அதன் மேல் நூலை இறுக்கிக் கட்டியிருக்கிறது. அந்தச் சுற்றுதான் மசிக்கூடு. சாயத்தில் தோய்த்தால் உறிஞ்சிக்கொள்ளும், விரலால் லேசாக அமுக்கினால் முனைக்கு இறக்கும். எழுதுகோலின் மசி தானாக வரும் என்று பழகிய கைக்கு இது பெரிய சோதனை. கோட்டின் திசையை மணிக்கட்டு பார்க்க, கோட்டின் தடிமனை இரண்டு விரல்கள் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு முழத் துண்டில் காலை முழுவதும் பழகினேன். என் கோடுகள் தொடங்கும் இடத்தில் தடித்து, நடுவில் வற்றி, முடியும் இடத்தில் குளம் கட்டின. பெரியவர் பக்கத்தில் ஒரே கோடு போட்டுக் காட்டினார்: புருவம் ஒன்று, தொடக்கமும் முடிவும் மயிரிழையாக.

“அமுக்காதீங்க. பிடிச்சாலே வரும்.”

துணியில் கசிமி கருப்பாக விழுவதில்லை என்பதை யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை. முனை தொட்ட இடத்தில் முதலில் அழுக்குத் தண்ணீர் பட்டதைப் போல ஒரு சாம்பல் தடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடுக்காயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து, அது கருக்கத் தொடங்குகிறது. தோழி அசையாமல் கேமராவை நிறுத்தி, ஒரே கோட்டைத் தொடர்ச்சியாக எடுத்தார். திண்ணனின் முழங்கால் மழைமேகத்தின் நிறத்திலிருந்து எருமையின் நிறத்துக்குப் போவதை அந்த வரிசையில் காண முடிகிறது. ஏழு நாளில் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த பதிவு அது. அதில் மனிதர்களே இல்லை.

பதிவு செய்வதில் இன்று கற்ற இன்னொன்று, கேள்வி கேட்கும் நேரம். கலம் கையில் இருக்கும்போது பெரியவரிடம் எதைக் கேட்டாலும் “ஆங்” என்ற ஒரே பதில்தான். இரண்டு மணி நேர ஒலிப்பதிவில் மின்விசிறியும், காகமும், குக்கரின் நான்கு விசிலும் இருந்தன. வேலை முடிந்து கலத்தைக் கழுவ உட்கார்ந்ததும் அவராகவே பேச ஆரம்பித்தார்: நாயை ஏன் லிங்கத்தைப் பார்க்கவிடாமல் திண்ணனைப் பார்க்கவைத்தார், பன்றிக்கறி வைத்த இலையை ஏன் பெரிதாகப் போட்டார், பூசை செய்யும் சிவகோசரியாரை ஏன் மரத்தின் பின்னால் கண் மட்டும் தெரிய நிறுத்தினார். அப்போது நாங்கள் மைக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டிருந்தோம். அவர் சொன்னதை நோட்டில் ஓடி ஓடி எழுதினேன். கழுவும் நேரத்தில் ஒலிப்பதிவை நிறுத்துவதில்லை என்று அதன் கீழேயே எழுதிவைத்தேன்.

ஐந்தாம் நாள்

காளத்திச் சீலைகளில் காட்சிகளுக்கு அடியில் தெலுங்கில் வாசகம் எழுதுவது வழக்கம். எங்கள் துணியில் இரண்டு மொழியும் இருக்க வேண்டும் என்று முதல் நாளே பேசியிருந்தோம். தமிழ்த் தலைப்பை நான் எழுதுவதாக இருந்தது. என் கோட்டின் யோக்கியதை தெரிந்த பிறகு பெரியவரே எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். அவருக்குத் தமிழ் பேச்சு உண்டு, எழுத்து கிடையாது. நான் காகிதத்தில் எழுதிக்கொடுத்த ‘கண்ணப்பன்’ என்ற சொல்லை அவர் ஓர் உருவத்தை வரைவதைப் போலவே வரைந்தார். ணகரத்தின் சுழிகளை யானையின் துதிக்கையைப் போடும் அதே வேகத்தில், எழுத்தின் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு, இழுத்தார். நாற்பது வருடமாக அந்த எழுத்தை எழுதும் எனக்கு அது அவ்வளவு அழகான எழுத்து என்று இன்றுதான் தெரிந்தது.

ஆனால் புள்ளிகளை விட்டுவிட்டார். தெலுங்கில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் இரண்டாவது எழுத்து, முன்னெழுத்தின் அடியில் தொங்கும்; தலையில் புள்ளி வைக்கும் பழக்கம் இல்லை. காகிதத்தில் இருந்த மூன்று புள்ளிகளையும் அவர் பேனா பட்ட கறை என்று நினைத்திருக்கிறார். வைப்பது என் பொறுப்பாயிற்று. பகரத்துக்கும் னகரத்துக்கும் மிளகளவில் ஒழுங்காக விழுந்தன. கடைசியாக ணகரம். கலத்தில் சாயம் மிகுந்திருப்பதைக் கவனிக்கவில்லை, விரல் அமுங்கிவிட்டது. மிளகு இருக்க வேண்டிய இடத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு சொட்டு உட்கார்ந்து, சாம்பலாக இருந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருத்தது. துடைத்தால் இன்னும் பரவும் என்பதால் யாரும் தொடவில்லை.

சொட்டைச் சுற்றி இதழ் போட்டு ஒரு பூவாக்கிவிடலாமா என்று கேட்டேன். மருமகள் துணியைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

“எழுத்து மேல பூ எதுக்கு சார்? புள்ளிதானே வெச்சீங்க. புள்ளியாவே இருக்கட்டும்.”

அந்த நேரத்தில் தோழி பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பதிவுகள் எதிலும் அந்தச் சொட்டு விழும் காட்சி இல்லை. நோட்டில் இருக்கிறது: 10.15. பெரிய புள்ளி, நான். அப்படியே விடுவது, மருமகள்.

பிற்பகலில் துணியை அலசி உலர்த்திப் படிகாரம் பூசினோம். சிவப்பு வர வேண்டிய இடங்களில் மட்டும் படிகாரக் கரைசல். அதற்கு நிறம் இல்லாததால், பூசிய இடம் கண்ணுக்குத் தெரிய மருமகள் அதில் துளி சாயம் கலந்திருந்தார். அப்படியும் சாய்வான வெளிச்சத்தில் தலையை வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. லிங்கத்தின் கண்ணிலிருந்து வழியும் குருதியைப் பூசும் வேலையை அவர் எனக்குத் தந்தார். தோழி இன்று கேமராவை அவருடைய பக்கமாக வைத்திருந்தார். அதைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள்

பொன்முகலி ஆற்றில் இந்தத் தை மாதத்தில் நீர் முழங்கால் அளவுக்கும் குறைவு. ஊருக்குள் அலசும்படியாக ஆறு இல்லை என்று மேற்கே சில கிலோமீட்டர் போனோம். ஓடும் நீர் வேண்டும். நின்ற நீரில் அலசினால், கரைந்துவரும் மிச்சப் படிகாரம் சிவப்பு வேண்டாத இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். துணியின் இரு முனைகளையும் மருமகளும் நானும் பிடித்துக்கொள்ள, நீர் அதன் மேல் ஓடியது.

வீட்டுக்கு வந்து தாமிர அண்டாவில், சிவப்புச் சாயம் தரும் சுருள்பட்டையும் மஞ்சிட்டியும் கொதிக்கும் தண்ணீரில் துணியை இறக்கிக் கழியால் கிளறினோம். எடுத்தபோது துணி முழுவதும் ஒரே செம்மண் நிறமாக இருந்தது. ஆறு நாள் வேலை தொலைந்தது என்றே நினைத்தேன். அலசி விரித்தபோது, படிகாரம் பட்ட இடங்கள் சிவப்பைப் பிடித்துக்கொண்டு, மற்ற இடங்கள் விடத் தொடங்கியிருந்தன. மீதமுள்ள செம்மை, மணலில் விரித்துத் தண்ணீர் தெளித்து வெயில் காட்டக் காட்டப் போகுமாம். குருதியின் கோடு நன்றாக ஏறியிருந்தது. திண்ணனின் ஊன்றிய காலில் ஒரு விரல் மட்டும் வெளுப்பாக நின்றது: நேற்று என் கண்ணுக்குத் தெரியாமல் போன இடம்.

ஏழாம் நாள்

மஞ்சளும் நீலமும் பச்சையும் பாக்கி. அதற்குத் துணியை மறுபடி பாலில் முக்கி உலர்த்த வேண்டும். எங்களுக்கோ விடுமுறை முடிந்துவிட்டது. துணி இங்கேயே இருக்கும். படங்களின் பிரதி ஒன்றை ஹார்ட் டிஸ்க்கில் அவர்களுக்குக் கொடுத்தோம். துணியின் கீழ் ஓரத்தில் மூன்று பேரின் பெயரும் ஒரே அளவில், அவரவர் கையால். பதிவு செய்தவர் என்று தோழியின் பெயர் நான்காவதாக. எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்பதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டோம். கலம் துடைத்த ஒரு முழத் துண்டை எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். அதில் என் குளம் கட்டிய கோடுகளும், பெரியவரின் புருவமும், மருமகள் சோதித்த ஏழெட்டுச் சிவப்புகளும் இருந்தன. அடுத்த துணிக்கு நிறம் பார்க்க அது வேண்டும் என்று சொல்லி வைத்துக்கொண்டார். நோட்டையும் அவரிடமே விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டு வாரம் கழித்து

இன்று காலை தோழியின் கைபேசிக்கு மருமகளிடமிருந்து ஒரு காணொளி வந்தது. கைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்து அவரே எடுத்தது. பாதி நேரம் கோணலாக இருக்கிறது. உள்ளே தொலைக்காட்சியில் தெலுங்குத் தொடர் ஓடுகிறது. அவர் சட்டத்தின் நடுவில் உட்கார்ந்து மஞ்சள் இலைகளின் மேல் அவுரி நீலத்தைப் பூசுகிறார். இலைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின்றன. ஊன்றிய காலின் வெளுத்த விரல் அப்படியேதான் இருக்கிறது. கூடவே நோட்டுப் பக்கத்தின் படம். தெலுங்கில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன்: நாலு மணி. அவுரி. வெயில் இல்லை. நாய்க்கு நீலம் போடலாம் என்றார் மாமா, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.